பூவரசம் உடம்பு

அக்டோபர் 14, திங்கள்

இந்த டைரி புத்தாண்டுக்குச் சபையில் கொடுத்தது. இத்தனை மாதம் சும்மாதான் கிடந்தது. இன்று முதல் எழுதப் போகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். ஞாபகத்துக்காக எழுதவில்லை. எனக்கு ஞாபகத்தில் குறைச்சல் கிடையாது. என் கல்யாணப் பந்தியில் எந்தச் சித்தப்பா கோபித்துக்கொண்டு இலையை மடக்கினார், எதற்கு மடக்கினார் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். ஆறுமுகநேரிக்காரி நாளைக்கு, நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சொல்லக் கூடாது. அதற்காக எழுதுகிறேன்.

ஆறுமுகநேரிக்காரி என்பது என் மருமகள் சலோமி. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். என் மகன் நேசன் செத்ததிலிருந்து அவளோடு நான் நேரில் பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைப் பேத்தி ஜெமிமாவிடம் சொல்வேன், அவள் அம்மாவிடம் சொல்வாள். அடுப்படியில் இருந்தும் பதில் அதே வழியாகத்தான் வரும். மூன்று பேரும் ஒரே அறையில் இருந்தாலும் அப்படித்தான்.

இன்று மத்தியானம் பரணிலிருந்து அதை இறக்கினார்கள். நேசனுடைய கிடார். கிடார் என்று சொல்லக் கூடாது, கிடாருக்கான உடம்பு. கரண்டில் வாசிக்கிற கிடாருக்கு வயிறு பொந்தாக இருக்காது, ஒரே கனத்த பலகை. இது பூவரசு. நான் பாலிஷ் போட்ட நாற்காலிப் பட்டறையில்தான் நேசன் தச்சு வேலை பார்த்தான். சாயங்காலமானால் கச்சேரிக்குக் கிடார் வாசிக்கப் போவான். சொந்தமாக ஒன்று செய்கிறேன் என்று ஆரம்பித்தான். அறுத்தான், இழைத்தான், உள்ளே வைக்கிற சாமானுக்குக் குழி எடுத்தான். அத்தோடு போய்விட்டான். அப்போது ஜெமிமா மூணாங்கிளாஸ்.

அவனுடைய படுக்கை விரிப்பில் சுற்றியபடியே இருந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். தோள் இருக்கிறது, இடுப்பு இருக்கிறது. தலை இல்லை, கை இல்லை.

"ஆச்சி, டிசம்பர் ஒண்ணாந்தேதி நான் பெங்களூர் போறேன்லா, அதுக்குள்ள இதை முடிச்சுத் தா" என்றாள் ஜெமி. "நெக், கம்பி, பிக்கப் எல்லாம் ஆன்லைன்ல வாங்கி வச்சிட்டேன். நீ மட்டம் பண்ணி லேக்கர் பாலிஷ் அடிச்சாப் போதும்."

"வேலைக்குப் போறவளுக்கு கிடார் எதுக்குட்டி?"

"அப்பா கிடார் ஆச்சி. நான் கொண்டு போவேன்."

அடுப்படியிலிருந்து சத்தம் வந்தது. "ஜெமி, உங்க ஆச்சிக்கு முழங்கால் வலி. முடியலன்னா கடையில கொடுக்கலாம்னு சொல்லு."

"உங்க அம்மாகிட்ட சொல்லு, எம் மவன் உடம்பைக் கடைக்காரன் தொட மாட்டான்னு."

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் அந்தக் கழுதை.

செய்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முடித்துக் கொடுத்தால் கொண்டு போய்விடுவாள். அவன் கை பட்டது என்று இந்த வீட்டில் மிச்சம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் சட்டை, செருப்பு. அதெல்லாம் கடையில் வாங்கினது.

அக்டோபர் 16, புதன்

பின்வாசல் தகரக் கொட்டகையில் மணையைப் போட்டு உட்கார்ந்தேன். காலையில் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்தால்தான் உட்கார முடிகிறது. எண்ணெயைச் சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றிப் படியில் வைத்திருப்பாள் ஆறுமுகநேரிக்காரி. தினமும் வைப்பாள். மாமியாரைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அதற்கு.

உடம்பைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்தேன். ஒரு மூலையை அழுத்தினால் எதிர் மூலை எழும்புகிறது. முறுக்கிவிட்டது. பரணில் ஒரு பக்கம் ஓட்டுச் சூடு, ஒரு பக்கம் மழை ஈரம், பலகை என்ன செய்யும். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி அடியில் வெளிச்சம் பார்த்தேன். நடுவில் பள்ளம். கழுத்து உட்காருகிற இடமும் கம்பி நிற்கிற இடமும் ஒரே மட்டத்தில் இல்லை என்றால் சுருதி நிற்காது என்கிறாள் ஜெமி. அப்படியானால் மேல் முழுவதும் எடுக்க வேண்டும்.

மேலே ஒரு வரப்பு இருக்கிறது. மயிர் கனம்தான், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. நேசன் இழைப்புளியின் அலகில் ஒரு பொடிப் பல் விழுந்திருந்தது. அவன் தள்ளின தள்ளுக்கெல்லாம் ஒரு வரப்பு நிற்கும். அலகைத் தீட்டுலே, தீட்டுலே என்று தலையால் அடித்துக்கொள்வேன். "தேய்க்கத்தான் நீ இருக்கேல்லா" என்பான்.

விரலை வைத்து வரப்பு போன வழியே போனேன். ஒரு இடத்தில் வளைகிறது. அங்கே யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், திரும்பியிருக்கிறான்.

இன்று தேய்க்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

வேலை கிடையாது. கோயிலுக்குப் போய் வந்தேன். அந்த உடம்பு கொட்டகையில் சுவரைப் பார்த்து நிற்கிறது. கோபம் வந்தால் அவனும் அப்படித்தான் நிற்பான்.

அக்டோபர் 23, புதன்

"ஆச்சி, தொட்டியா?"

"மரம் வெயில் காயணும்ட்டி. பரண்ல கிடந்தது."

"நாலு நாளா அதையேதான் சொல்லுதே."

"உங்க அப்பனுக்கும் பொறுமை கிடையாது."

ஆறுமுகநேரிக்காரி காய் நறுக்கிக்கொண்டே இதைக் கேட்டாள். தலையைத் தூக்கவில்லை. அவளுக்கு நான் அவன் பேரை எடுத்தாலே முகம் அடைத்துக்கொள்ளும். அடைக்காமல் என்ன செய்யும். அவன் செத்த அன்றைக்கு உடன்குடியில் கச்சேரி, நல்ல மழை. இவள் போன் போட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனதை நான் பார்த்தேன். அவன் பைக்கை எடுத்துவிட்டான். வழியில் உப்பு லாரி. வரச்சொல்லிக் கூப்பிடாமல் இருந்திருந்தால் படுத்துக் காலையில் வந்திருப்பான். இதை நான் அவளிடம் கேட்டதில்லை. கேட்டால் இல்லை என்பாள்.

அக்டோபர் 25, வெள்ளி

ஆரம்பித்துவிட்டேன்.

மட்டம் எடுப்பதற்கு முன்னால் மேல் முழுவதும் பென்சிலால் கிறுக்க வேண்டும். மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் மேட்டில் கிறுக்கல் போகும், பள்ளத்தில் நிற்கும். எல்லாக் கிறுக்கலும் போனால் மட்டம் வந்துவிட்டது என்று கணக்கு. நேசன் நடுவில் ஒரு பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறான். அதன் மேலேயே நானும் கிறுக்கினேன். வேறு வழியில்லை.

தூள் பறந்தது. முதலில் வெளுப்பாக, பிறகு செங்காவியாக. மூக்கில் ஏறியது. சட்டை கழற்றிப் போட்டானானால் அந்த வாசம்தான் அடிக்கும். தும்மினேன். மனசுக்குள் ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல் தேய்த்தேன்.

வரப்பு போய்விட்டது.

அக்டோபர் 28, திங்கள்

உச்சி வெயில். ஜெமி உள்ளே படுத்திருந்தாள். அவள் அம்மா சத்துணவுக் கூடத்துக்குச் சமைக்கப் போயிருந்தாள். கை ஓய்ந்து தேய்ப்பதை நிறுத்தினேன். தேய்க்கிற சத்தம் நிற்கவில்லை. சர், சர் என்று நீளமாக ஐந்தாறு தள்ளல். என் தள்ளல் குட்டை. எனக்குத் தெரியாதா.

ஜெமியை எழுப்பினேன். "பக்கத்து வீட்ல தேங்கா துருவியிருப்பாங்க ஆச்சி" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

பக்கத்து வீட்டில் எல்லோரும் நாசரேத்துக்குப் போய் இரண்டு நாள் ஆகிறது.

அக்டோபர் 31, வியாழன்

மட்டம் வந்துவிட்டது. கண்ணாடி மேல் வைத்தால் ஆடவில்லை. ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் இல்லை. கடைசியாக நடுப்பள்ளத்தில் ஒரு சிறு பென்சில் தீற்றல் மட்டும் நின்றது. என் கிறுக்கலா, அவன் போட்ட கோடா, தெரியவில்லை. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தாளை வைத்து இழுத்தேன்.

நவம்பர் 4, திங்கள்

பட்டி பார்த்தேன். சாக்குத் துணியால் அழுத்தித் தேய்த்து மரத்தின் நுண்துளையெல்லாம் அடைத்தேன். காவி கொஞ்சம் கூடிவிட்டது, மஞ்சள் மண் போட்டுச் சரிக்கட்டினேன். பூவரசின் கருவரி எழும்பி வந்திருக்கிறது. ஜெமி கட்டிப்பிடித்து என் கன்னத்தில் முத்தினாள். வெற்றிலை நாறுகிறது ஆச்சி என்றாள். முத்தச் சொன்னது யாராம்.

நவம்பர் 7, வியாழன்

சீலர் அடித்தேன். லேக்கருக்கு முன்னால் மரத்தின் வாயை மூடுவதற்கு அடிப்பது. முதலில் தின்னரில் துணி நனைத்து மூன்று தடவை துடைத்தேன். அழுக்கோ மெழுகோ இருந்தால் சீலர் ஒட்டாமல் வட்டமாக விலகிப் போகும், நடுவில் வெறும் மரம் முழிக்கும். பட்டறையில் அதைக் கண் விழுகிறது என்போம். இத்தனை வருஷ வேலையில் என் கையில் கண் விழுந்ததே இல்லை. துடைத்து முடித்துக் கடைசியாக உள்ளங்கையால் ஒரு தரம் தடவிப் பார்த்தேன். அது சாமிதாஸ் மேஸ்திரி பழக்கிவிட்டது. தூசி நம் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரியும். மேஸ்திரி நல்ல வேலைக்காரன். ஆனால் நான் முடித்த சாப்பாட்டு மேசையைத் தான் முடித்தது என்று முதலாளியிடம் சொன்னவன். அவன் அடக்கத்துக்கு நான் போகவில்லை.

பிரஷை எடுத்து ஒரே ஓட்டமாக அடித்தேன். கண்ணாடி மாதிரி பரவியது. கொஞ்ச நேரத்தில் மார்பு இருக்க வேண்டிய இடத்தில் சீலர் மெல்ல விலகியது. ஒன்று. பக்கத்தில் இன்னொன்று.

இரண்டு கண்.

நவம்பர் 8, வெள்ளி

காய்ந்ததைத் தேய்த்து எடுத்து, துடைத்து, தடவிப் பார்த்து, மறுபடி அடித்தேன். இந்தத் தரம் வேறு இடம், தோள் பக்கம். இரண்டும் ஒரே அளவில்லை. ஒன்று கொஞ்சம் சாய்வு. நேசனுக்கு இடது கண் சாய்வு, சின்ன வயதில் பம்பரம் பட்டது.

ஜெமியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "கெமிக்கல் ஏதாவது இருக்கும் ஆச்சி" என்றாள்.

"கெமிக்கலுக்கு ஒரு கண்ணு சாயுமாட்டி?"

நவம்பர் 11, திங்கள்

மறுபடியும் வந்தான். இன்று பொழுது சாயும் வரை எதிரில் உட்கார்ந்திருந்தேன். நான் இந்தப் பக்கம் நகர்ந்தால் இந்தப் பக்கம் பார்க்கிறான். அம்மா, மேலெல்லாம் வழித்து எடுத்துவிட்டாயே என்று கேட்கிற பார்வை. இல்லலே, அவளுக்கு வாசிக்க வேண்டாமா என்றேன். வாய்விட்டுத்தான் சொன்னேன். ஆறுமுகநேரிக்காரி அடுப்படி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை.

நவம்பர் 13, புதன்

மழை. ஈரக் காற்றில் அடித்தால் வெள்ளை பூத்துவிடும், அதனால் அடிக்கவில்லை. கொட்டகைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

நவம்பர் 14, வியாழன்

மழை.

நவம்பர் 16, சனி

வெயில். நேற்றே சீலர் ஒரு கோட் விலகாமல் நின்றுவிட்டது, ஓரத்தில் ஒரு பொட்டு மட்டும்தான் கண். அதைத் தொட்டுச் சரி பண்ணிவிட்டு லேக்கருக்குப் போயிருக்கலாம். முழுவதையும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து அடித்தேன்.

வந்தான். நன்றாகவே வந்தான்.

நவம்பர் 18, திங்கள்

ஜெமி கொட்டகை வாசலில் வந்து நின்றாள். "ஆச்சி, இப்படி அடிக்கதும் எடுக்கதுமா இருந்தா எனக்கு எப்பத் தருவே?"

"நான் என்னட்டி செய்ய. அவன் போக மாட்டேங்கான்."

"யாரு?"

நான் பிரஷைத் தின்னரில் முக்கினேன். அவளும் திரும்பிக் கேட்கவில்லை. தரையில் கிடந்த தூளைக் காலால் ஒதுக்கிக்கொண்டே நின்றாள். "சரி விடு. நான் கடை கிடார் ஒண்ணு வாங்கிட்டுப் போறேன். இது இங்கேயே இருக்கட்டும். உங்கூடயே இருக்கட்டும்."

இதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கேயே இருக்கும். நன்றாய்ப் போயிற்று. ராத்திரி சோறு இறங்கவில்லை. குழம்பில் புளி கூடுதல்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று நடந்ததை வரி தப்பாமல் எழுத வேண்டும்.

ஜெமி கோயிலில் கேரல் பயிற்சிக்குப் போயிருந்தாள். நான் துடைத்து முடித்து, உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தேன். ஆறுமுகநேரிக்காரி சமையல் கூடத்திலிருந்து வந்தவள், பையைக்கூட உள்ளே வைக்காமல் நேரே கொட்டகைக்கு வந்தாள். இந்தப் பக்கம் அவள் கால் வைத்ததே கிடையாது. சுவரைப் பார்த்துச் சொல்வாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அத்தை, கையைப் பாருங்க."

என் கையைப் பார்த்தேன். கைதான்.

"எண்ணெய் போட்ட கை. காலையில முழங்காலுக்குப் போடுறீங்க, துண்டுல துடைச்சிட்டு இங்க வாறீங்க. துண்டுல துடைச்சா எண்ணெய் போகுமா. கடைசியா நீங்க எங்க கை வைக்கீங்களோ, அங்கதான் வருது. நான் ஜன்னல்ல நின்னு பாத்துட்டேன். எண்ணெய்ச் சட்டியில தண்ணிய ஊத்தினா ஒட்டுதா? விலகித்தான் ஓடும். எனக்குத் தெரிஞ்ச வேலை அதுதான்."

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. "எம் மவன எண்ணெய்ன்னு சொல்லுதியா?" என்றேன்.

நானும் அவளிடம் நேரே பேசிவிட்டேன் என்பது அப்புறம்தான் உறைத்தது.

அவள் போகவில்லை. "நேத்து ஜெமி எம்மடியில படுத்து அழுதா. அப்பா முகமே சரியா ஞாபகம் இல்லம்மா, அவர் செஞ்சது ஒண்ணாவது எங்கிட்ட இருக்கட்டும்னு கேட்டேன், ஆச்சி விட மாட்டேங்காங்கன்னா. நீங்க வச்சுக்கிட்டா நான் பிடுங்க மாட்டேன். பெத்தவங்க நீங்க. ஆனா கண்ணு எண்ணெய்னாலதான் வருது. தெரிஞ்சும் சொல்லாம இருக்க முடியல."

"சூடாக்கி வச்சது யாரு?"

"நாந்தான்" என்றாள். போய்விட்டாள்.

நவம்பர் 20, புதன்

இதே பலகையில் நேசன் அறுத்துப்போட்ட துண்டு ஒன்று பரணில் கிடந்ததை ஜெமியை எடுத்துத் தரச் சொன்னேன். எதற்கு என்றாள், அடுப்புக்கு என்றேன்.

துண்டைத் தேய்த்துத் தின்னரில் துடைத்தேன். நடுவில் கோடு போட்டேன். ஒரு பாதியை எண்ணெய் போட்ட கையோடு தடவினேன். அப்புறம் கையைச் சோப்பு போட்டுக் கழுவினேன், தின்னரில் துடைத்தேன், மறுபடி கழுவினேன், தோல் எரிந்தது. மற்றப் பாதியைத் தடவினேன். இரண்டு பாதிக்கும் ஒரே பிரஷில் சீலர் அடித்துவிட்டுக் காத்திருந்தேன்.

ஒரு பாதியில் கண் விழுந்தது. எந்தப் பாதி என்று எழுத மாட்டேன்.

துண்டை அடுப்பில் போட்டேன்.

நவம்பர் 21, வியாழன்

படியில் கிண்ணம் இருந்தது. எடுக்கவில்லை. மணையில் உட்காரும்போது முழங்கால் முறிகிற மாதிரி சத்தம் கேட்டது. கையைக் கழுவிவிட்டுத்தான் கொட்டகைக்குள் போனேன்.

எல்லாவற்றையும் தேய்த்து எடுத்தேன். முந்தாநாள் அவள் போன பிறகு அடித்ததில் மார்பில் விழுந்திருந்த இரண்டையும் கடைசிக்கு வைத்தேன். என்னலே என்றேன். ஒன்றும் இல்லை. தாளை வைத்து இழுத்தேன்.

சீலர் அடித்தேன். உட்கார்ந்திருந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை குளத்துத் தண்ணீர் மாதிரி சும்மா கிடந்தது. காய்கிற வரை பார்த்தேன். யாரும் வரவில்லை.

இதுபோல வேலை என் கையில் முன்னே வந்தது கிடையாது. பார்க்கவே பிடிக்கவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஜெமியிடம் சொன்னேன், கடையில் ஒன்றும் வாங்காதே என்று. குதித்தாள். கொட்டகைத் தகரத்தில் தலை இடித்துக்கொண்டாள்.

நவம்பர் 25, திங்கள்

மூன்றாவது கோட் லேக்கர். சுத்தம்.

காலையில் ஒரு தூறல் போட்டது, கரண்ட் போய்விட்டது. ஜெமி வெளியே. நான் வெயிலுக்காகக் கொட்டகையில் காத்திருந்தேன். ஆறுமுகநேரிக்காரி படியில் வந்து உட்கார்ந்தாள். எண்ணெய்க் கிண்ணம் அவளுக்கும் எனக்கும் நடுவில்.

"இன்னைக்கும் எடுக்கல."

யாரிடம் சொல்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். வேறு யாரும் இல்லை.

"லேக்கர் முடியட்டும்" என்றேன்.

"வலிக்கும் அத்தை."

"வலிக்கட்டும்."

தகரத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்புறம் சொன்னாள்: "அன்னைக்கு நான் அவியள வரச்சொல்லல."

நான் லேக்கர் டப்பாவின் மூடியை இறுக்கினேன்.

"மழையா இருக்கு, அங்கேயே படுத்துட்டுக் காலையில வாங்கன்னு சொல்லத்தான் போன் போட்டேன். சரின்னுதான் சொன்னாவ. அப்புறம் ஏன் கிளம்பினாவன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. கேக்கதுக்கு ஆளு இல்ல."

"இத்தனை வருஷமா வாய் எங்க போச்சு?"

"யாருகிட்டப் போய்ச் சொல்லணும்? ஜெமிகிட்டச் சொல்லி உங்ககிட்டச் சொல்லச் சொல்லணுமா, ஒம்பது வயசுப் பிள்ளைகிட்ட?"

அப்படிச் சொன்னாள். எழுதி வைக்கிறேன். நாளைக்கு மாற்றிச் சொல்ல முடியாது. அவளாலும் முடியாது, என்னாலும் முடியாது.

பத்து மணிக்கு வெயில் வந்தது. லேக்கர் நன்றாகப் படிந்தது.

நவம்பர் 26, செவ்வாய்

அவள் சொன்னதை நான் நம்பினேன் என்று அர்த்தமில்லை. நம்பவில்லை என்றும் எழுதவில்லை.

நவம்பர் 28, வியாழன்

தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்து, மெழுகிட்டு, பழைய வேட்டித் துணியால் மினுக்கினேன். கருவரியெல்லாம் ஆழத்துக்குள் போய் அசைகிற மாதிரி தெரிகிறது. வெயிலில் திருப்பினால் புகை ஓடுகிறது. சாமிதாஸ் மேஸ்திரி இருந்தால் தான் செய்தது என்று சொல்லியிருப்பான்.

ஜெமி வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். கதவுக்குள் திருப்புளிச் சத்தம். இரண்டு தரம் "ஐயையோ" என்றாள். நான் போய்ப் பார்க்கவில்லை. கொட்டகையைப் பெருக்கினேன். தூளைக் கூட்டி எங்கே போடுவது என்று தெரியாமல் ஒரு ஓரமாகக் குவித்து வைத்தேன்.

நவம்பர் 30, சனி

ராத்திரி ஒரு சத்தமும் இல்லை. உச்சி வெயிலிலும் இல்லை. காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். வீடு வெறும் வீடாக இருக்கிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

ஜெமி பெங்களூருக்கு மைசூர் வண்டியில் ஏறிவிட்டாள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் சலோமியும் நானும் பேசாமல்தான் வந்தோம். இறங்கும்போது "படி, பாத்து" என்றாள். "தெரியும்" என்றேன். இனி நடுவில் சொல்ல ஆளில்லை. நாளைக்குச் சோறு வேண்டுமென்றால் நானே கேட்க வேண்டும். முழங்காலுக்கு எண்ணெய் வேண்டுமென்றாலும்.

மத்தியானம் நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

கோயில் முடிந்து வந்ததும் ஜெமி கிடாரைக் கொண்டுவந்து கூடத்தில் வைத்தாள். கழுத்து வைத்து, கம்பி பூட்டி, முழுசாக. ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி, அதற்கும் கிடாருக்கும் ஒரு வயர். "இப்பப் பாரு ஆச்சி" என்று பெட்டியின் ஸ்விட்சைப் போட்டாள்.

அது முனகியது.

யாரும் கம்பியைத் தொடவில்லை. கிடார் அவள் மடியில் சும்மா கிடக்கிறது. பெட்டியிலிருந்து அடித்தொண்டையில், காய்ச்சல்காரன் முனகுகிற மாதிரி ஒரே சீராக வருகிறது. ஜெமி கம்பி மேல் கையை வைத்தாள். நின்றுவிட்டது. கையை எடுத்தாள். முனகியது.

"என்னட்டி அது?"

"அது ஒண்ணும் இல்ல ஆச்சி, எர்த் சரியில்ல. கம்பியில ஆள் கை பட்டா..."

"ஜெமி, சும்மா இரு" என்றாள் சலோமி. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

ஜெமி அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கிடாரைத் தூக்கி என் மடியில் வைத்தாள். "நீ பிடி" என்றாள்.

கனம். பிறந்த அன்றைக்கு அவனை மடியில் வைத்ததைவிடக் கனம் அதிகமில்லை. முனகிக்கொண்டே இருந்தது, தொடையில் அதிர்கிறது. உள்ளங்கையை விரித்துக் கம்பி மேல் வைத்தேன்.

அடங்கிவிட்டது.

பயந்து எழுந்த பிள்ளை, ஆள் இருக்கிறது என்று தெரிந்ததும் அடங்குகிற மாதிரி அடங்கியது. கம்பி ஜில்லென்றிருந்தது. நான் அசையவில்லை. வெளியே ஒருத்தன் மீன் கூவிக்கொண்டு போனான். சலோமி வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஜெமியின் பெட்டி படுக்கையெல்லாம் வாசலில் கட்டி வைத்திருந்தது.

"ஆச்சி, வண்டிக்கு நேரமாகுது. ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டிட்டுப் போறேன். கைய எடு."

எடுக்கவில்லை.

"அத்தை" என்றாள் சலோமி. அவ்வளவுதான் சொன்னாள்.

"எடுத்தா அழுவான்ட்டி" என்றேன். இரண்டு பேரில் யாரிடம் சொன்னேன் என்று தெரியாது.

இரண்டு பேரும் எர்த் என்று சொல்லவில்லை, எண்ணெய் என்று சொல்லவில்லை.

கையை எடுத்தேன். முனகியது. அப்படியே, முனகிக்கொண்டிருக்கும்போதே, தூக்கி ஜெமியிடம் கொடுத்தேன்.